அலாஸ்கா தெரியும், அடுத்த ஊர் தெரியுமா?

சென்ற மாதம் எங்கள் கல்லூரியிலே மாணவர்களுக்குப் பொது அறிவுப் போட்டி ஒன்றை நடத்தினோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாநிலமாகிய அலாஸ்காவைப் பற்றி ஒரு வினா எழுந்தது. அது யாரிடமிருந்து, எந்த ஆண்டில், என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதே வினா. பத்தாந் தர மாணவன் ஒருவன் துள்ளி எழுந்தான். “இரஷ்யாவிடமிருந்து, 1867-ஆம் ஆண்டில், 72 இலட்சம் டொலருக்கு, சேர்!” என்று மூச்சு விடாமல் ஒப்புவித்தான். அவ்வளவோடும் நிற்கவில்லை. பனிக்கட்டியை விலை கொடுத்து வாங்கிய மூடத்தனம் என்று அன்று அமெரிக்கர் சிலரே அதை எள்ளி நகையாடியதையும், பின்னாளில் அங்கே பொன்னும் எண்ணெயும் கிடைத்தவுடன் நகைத்தவர் வாய் அடைத்துப் போனதையும் அழகாகக் கூறினான். சபை கைதட்டியது; நானும் தட்டினேன்.

அடுத்த வினா என்னுடையது. “நாம் வாழும் சப்ரகமுவ மாகாணம் எந்த ஆண்டிலே தோன்றியது? அதன் பெயருக்குப் பொருள் யாது?” என்று கேட்டேன். மண்டபம் முழுவதும் மௌனம். சற்று முன் முழங்கிய அதே பையன் தலையைச் சொறிந்துகொண்டு, “நம்ம பக்கத்துல சொல்லும்படியா என்ன சேர் இருக்கு?” என்றான்.

அந்தக் கேள்விக்கு அன்று மேடையில் நின்று மறுமொழி சொல்ல நேரம் இருக்கவில்லை. மறுமொழி சொல்லாமல் விடவும் மனம் ஒப்பவில்லை. ஆகவே இவ்வாரம் இப்பகுதியை அவனுக்காகவும், அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகவும் ஒதுக்குகின்றேன். பெற்றோரும் உடன் இருந்து வாசிப்பார்களாக.

வேடர் நாடு

முதலில் நான் கேட்ட வினாவுக்கு விடை. ஆங்கிலேயர் காலத்திலே இலங்கை மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது, ஒன்பது மாகாணங்களுள் கடைசியாகப் பிறந்த கடைக்குட்டி நம் சப்ரகமுவ மாகாணம். ஆண்டு 1889. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரண்டு மாவட்டங்கள் கொண்டது. தலைநகர் இரத்தினபுரி.

பெயரிலே ‘சபர’ என்னும் சொல் நிற்கின்றது. வடமொழியிலே சபரர் என்றால் காட்டிலும் மலையிலும் வாழும் வேட்டுவர். ஆதலின் இது வேடர் வாழ்ந்த நாடு என்று பொருள் கூறுவர். இராமபிரானுக்குக் காட்டுக் கனிகளைத் தேர்ந்து படைத்த அன்னை சபரியை அறியாத பிள்ளை நம் வீடுகளில் உண்டோ? அவள் பெயரும் அந்த வேட்டுவக் குலத்தின் பெயரே. சபரி மலை என்று மாலை போட்டுப் போகின்றோம். சபரர் பெயரைத் தாங்கிய மாகாணத்திலேதான் ஒவ்வொரு நாளும் கண் விழிக்கின்றோம் என்பதை மட்டும் மறந்து விடுகின்றோம்.

அந்த வேட்டுவர்க்கும் முந்திய குடிகள் இங்கே இருந்தனர். குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பக் குகையிலும், கித்துல்கலையிலுள்ள பெலிக் குகையிலும் ஆதி மனிதரின் எலும்புகளும், சிறிய கல்லாயுதங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பட்டதொம்பக் குகையிலே மனிதர் வாழ்ந்த காலம் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். அக்குடிகளுக்குப் ‘பலாங்கொடை மனிதன்’ என்னும் பெயர் உலக நூல்களிலே வழங்குகின்றது. பலாங்கொடைக்குப் பஸ் ஏறிச் சந்தைக்குப் போய்வரும் நம்மவர், அவ்வூரின் பெயர் உலகத்துப் பல்கலைக்கழகங்களிலே உச்சரிக்கப்படுவதை அறிவரோ?

காற்றே துருத்தியான கதை

பலாங்கொடைப் பக்கத்து விந்தை இன்னும் ஒன்று. சமனலவௌ நீர்த்தேக்கம் கட்டப்பட்ட வேளையில், நீரில் மூழ்கப் போகும் நிலத்தை ஆராய வந்த கில் ஜூலெவ் என்னும் ஆங்கிலப் பெண்மணி மலைச் சரிவுகளிலே பழைய உலைக்களங்கள் பலவற்றைக் கண்டார். அவை யாவும் இரும்பு உருக்கிய இடங்கள். அவற்றுள் எழுபதுக்கும் மேற்பட்டவை ஒரே பாங்காக மேற்குத் திசையைப் பார்த்து அமைந்திருந்தன. ஏன் மேற்கு?

இரும்பை உருக்க வேண்டுமாயின் தீக்கு இடைவிடாது காற்று ஊத வேண்டும். நம் ஊர்க் கொல்லன் துருத்தி போட்டு ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மலைவாணரோ துருத்தியை மனித கைகளிடம் ஒப்படைக்கவில்லை. ஆண்டுதோறும் தவறாமல் மேற்கிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக் காற்றையே துருத்தியாக்கிக் கொண்டனர்! உலைச்சுவரின் மேல் விளிம்பைக் கடந்து காற்று விரையும்போது, உள்ளே இழுவிசை உண்டாகிப் புதுக்காற்றை உலைக்குள் ஈர்க்கின்றது. அவ்வாறு உருக்கு உண்டாகுமா என்று பலர் ஐயுற்றனர். 1994-இல் அதே வடிவில் உலை அமைத்து, அதே பருவக் காற்றிலே ஜூலெவ் பரீட்சித்துப் பார்த்தார். நல்ல உருக்கே கிடைத்தது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை செழித்த இத்தொழிலைப் பற்றி 1996-இல் ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான சஞ்சிகையிலே அவர் எழுதினார். இலங்கை உருக்கைப் பற்றி ஒன்பதாம் நூற்றாண்டின் அராபிய ஆசிரியராகிய அல்கிந்தி எழுதிவைத்ததன் உட்பொருள் அப்போதுதான் முற்றாக விளங்கிற்று. வாள் செய்யும் உருக்குக்கு உரம் ஊட்டியது நம் மலைக்காற்று.

மழை தரும் மணி

இனி நகரின் பெயருக்கு வருவோம். இரத்தினங்களின் புரி இரத்தினபுரி. பெயர் புகழுரை அன்று; வெறும் உண்மை. மாணிக்கம், நீலம், வைடூரியம், புட்பராகம், கோமேதகம் முதலியன இம்மண்ணிலே பிறக்கின்றன. நவமணிகளுள் முத்தும் பவளமும் கடலுக்குரியன. வைரமும் மரகதமும் வேறு நாட்டுச் செல்வம்.

இந்த மணிகள் இங்கே எவ்வாறு வந்தன? மலைப் பாறைகளுக்குள்ளே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் விளைந்தன. பாறை மழையில் கரைந்து தேயத் தேய, கடினமான மணிகள் மட்டும் கரையாமல் ஆற்றோடு உருண்டு வந்து, பள்ளத்தாக்குகளிலே சரளை மண்ணோடு படிந்தன. அந்தச் சரளைப் படையைச் சிங்களத்தில் ‘இல்லம’ என்பர். தொழிலாளர் குழி தோண்டி, மண் சரியாதபடி மரக்கட்டைகளால் அண்டை கொடுத்து, நீரை இறைத்து, இல்லம் வரையும் இறங்குகின்றனர். மேலே கொண்டுவந்த சரளையைக் கூம்பிய கூடையிலிட்டு நீரில் வட்டமாகச் சுழற்றுகின்றனர். இலேசான மண் வெளியே போகும். கனமான மணி அடியிலே தங்கும். நிலத்துக்கு உரியவர், முதல் போட்டவர், குழியில் இறங்கியவர் எல்லாரும் கிடைத்ததைப் பங்கு வைத்துக் கொள்வது வழக்கம். கூலி நிச்சயமில்லை, நம்பிக்கையே முதல்.

மழைதான் மணியைக் கொண்டுவந்தது. அதே மழைதான் வெள்ளத்தையும் கொண்டு வருகின்றது. களுகங்கை பெருகி 2003-ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017-ஆம் ஆண்டு மே மாதத்திலும் செய்த அழிவை இம்மாவட்டத்தார் மறந்திரார். 2016 மே 17-இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே மலையே சரிந்து ஊரை மூடியது. கொடுப்பதும் எடுப்பதும் ஒரே கை.

ஆனால் மழை பெய்யாமையால் வந்த பேரழிவு ஒன்றும் உண்டு. 1934-ஆம் ஆண்டிலே மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாய்த் தேங்கின. குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. மலேரியாக் காய்ச்சல் கேகாலைப் பக்கத்திலே காட்டுத்தீயாய்ப் பரவிற்று. 1934, 35-ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் மாண்டனர். அவ்வேளையில் வீடு வீடாகச் சென்று பருப்பும் மருந்தும் கொடுத்த கலாநிதி என். எம். பெரேராவைக் கிராம மக்கள் ‘பருப்பு மகாத்மயா’ என்றே அழைக்கலாயினர். 1936-இல் அவரை ருவன்வெல்லைத் தொகுதியார் அரசாங்க சபைக்கு அனுப்பி வைத்தனர். பருப்பு அரசியலையும் ஆக்கும் போலும்!

உலகம் சுற்றிய கற்கள்

நம் மணிகளின் புகழ் இன்று நேற்று எழுந்ததன்று. இலங்கை மன்னனிடம் ஒரு சாண் நீளமும் கைப்பருமனும் உள்ள மாணிக்கம் இருந்ததென்றும், அதற்கு ஈடாக ஒரு நகரத்தின் விலையைத் தருவதாகச் சீனப் பேரரசன் குப்ளாய்க்கான் கேட்டும் மன்னன் மறுத்துவிட்டான் என்றும் மார்க்கோ போலோ எழுதி வைத்தான். 1344-ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா சிவனொளிபாத மலைக்கு வந்தார். அவரை வரவேற்று, பல்லக்கும் பரிவாரமும் தந்து, வழித்துணையாக யோகியர் நால்வரையும் அந்தணர் மூவரையும் கூட்டி அனுப்பியவர் யாவர்? யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி! முஸ்லிம் யாத்திரிகர் ஒருவர், சைவ மன்னனின் உதவியோடு, பௌத்த நாட்டினூடாகச் சென்று, எல்லாச் சமயத்தாரும் வணங்கும் மலையிலே ஏறினார். சமய ஒற்றுமை பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்க்கு இதைக்காட்டிலும் நல்ல உதாரணம் வேண்டுமோ?

சைவம் என்றவுடன் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரை நடுங்க வைத்த சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவினான் என்று வரலாறு கூறும். அவன் காலத்தில் எழும்பி முற்றுப் பெறாமலே நின்ற கோயில் அவிசாவளையிலே சிதைந்து கிடக்கின்றது. இன்று அவ்வூர் கொழும்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் நம் மாகாண எல்லையிலேதான் இருக்கின்றது. ‘பெரெண்டிக் கோயில்’ என்று சிங்கள மக்கள் சொல்லும் பெயர் ‘பைரவாண்டி கோயில்’ என்பதன் திரிபு என்பர். கொழும்புக்குப் பஸ்ஸிற் போகின்ற நம்மவர் எத்தனை பேர் அங்கே இறங்கிப் பார்த்தனர்?

கற்களுக்குத் திரும்புவோம். 1926-இல் பெல்மதுளையிலே ஒரு வயலில் அகப்பட்ட பெரிய நீலக்கல் ‘ஆசியாவின் நீல அழகி’ என்று பெயர் பெற்றது. 2014-ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் நடந்த ஏலத்திலே அது 170 இலட்சம் டொலருக்கு மேல் விலை போயிற்று. பையன் சொன்ன அலாஸ்காவின் விலை நினைவிருக்கின்றதா? 72 இலட்சம். அக்காலத்து டொலருக்கும் இக்காலத்து டொலருக்கும் பெறுமதி வேறு என்பது மெய்தான். என்றாலும் பெல்மதுளை வயற்கல் ஒன்று, எண்ணளவிலே, ஒரு மாநிலத்தின் விலையைத் தாண்டிற்று என்று சொல்லிச் சற்றே மகிழலாமன்றோ?

கல் விலைபோவது மட்டும் விந்தையன்று. கல்லுக்குப் பெயர் கிடைப்பதும் விந்தைதான். 1945-இல் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிலே டாஃபே என்பவர் ஒரு நகைக்கடையிற் பழைய கற்கள் சில வாங்கினார். அவற்றுள் ஊதா நிறக் கல் ஒன்று ஒளியை இரண்டாகப் பிரித்துக் காட்டிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, உலகம் அதுவரை அறியாத புதிய கனிப்பொருள் அது என்று தெரிந்தது. அதனை ‘டாஃபைட்’ என்றனர். அவ்வினம் பின்னர் இலங்கைச் சரளை மண்ணிலே காணப்பட்டது. இன்னொரு கல், எக்கநாயக்க என்னும் இலங்கை இரத்தின அறிஞர் 1953-இல் எகலியகொடையிலே கண்டெடுத்தது. கதிர்வீச்சு உடைய அபூர்வக் கல். அதற்கு அவர் பெயரையே சூட்டி ‘எக்கனைட்’ என்றனர். ஒரு நாட்டு மனிதனின் பெயரைக் கல் உலகம் முழுவதும் சுமந்து திரிகின்றது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த கதை ‘கெவுடா’ என்னும் கல்லின் கதை. நீலக்கல்லின் இனமே எனினும் நீலம் காட்டாது. பால் போல் மங்கிக் கிடக்கும். அதனைக் குழியில் எடுத்தவர் மதிப்பில்லாக் கல் என்று ஒதுக்கினர். 1970-ஆம் ஆண்டுகளிலே தாய்லாந்து வியாபாரிகள் வந்து அவற்றை மலிவாக வாங்கிச் சென்றனர். யாருக்கும் காரணம் விளங்கவில்லை. உலையிலே மிக உயர்ந்த வெப்பத்தில் அதைக் காய்ச்சினால், உள்ளே மறைந்திருந்த நிறம் வெளிப்பட்டு, முதற்றரமான நீலக்கல்லாக மாறிவிடும் என்னும் இரகசியத்தை அவர்கள் கற்று வைத்திருந்தனர். நம்மவர் அறிந்தபோது, போன கற்கள் போய்விட்டன. கல்லிலே குறையில்லை, பார்த்த கண்ணிலேதான் குறை.

பாலம் சொல்லாத கதை

கேகாலை மாவட்டத்துக்கு வருவோம். கொழும்பு - கண்டி வீதியிலே மாவனல்லைக்கு அருகில் உத்துவன் கந்தை என்னும் குன்று தெரியும். செல்வரைக் கொள்ளையிட்டு வறியவர்க்குக் கொடுத்தான் என்று மக்கள் சொல்லும் சரதியேல் ஒளிந்திருந்த இடம் அது. அவனைப் பிடிக்கப் போன சபான் என்னும் மலாய்க் காவலர் 1864 மார்ச் 21-இல் சுடப்பட்டு இறந்தார். கடமையிலே உயிர் துறந்த முதல் இலங்கைப் பொலிஸ்காரர் அவரே. இன்றும் மார்ச் 21 பொலிஸ் வீரர் தினம். சரதியேலும் அவன் தோழன் மம்மலே மரைக்காரும் அதே ஆண்டு மே 7-இல் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர்.

கித்துல்கலையிலே களனி கங்கையின் மீது 1957-இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படம் எடுக்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கிய படம். ஏழு ஒஸ்கார் பரிசுகள் பெற்றது. படத்துக்காக மெய்யாகவே மரப்பாலம் கட்டி, மெய்யான புகையிரதத்தை ஓடவிட்டு, மெய்யாகவே வெடி வைத்துத் தகர்த்தனர். இன்றும் பிரயாணிகள் அவ்விடத்தைத் தேடி வருகின்றனர்.

ஆனால் அந்தப் படத்துக்குக் கருவான உண்மைக் கதை எங்கே நடந்தது? சியாமுக்கும் பர்மாவுக்கும் இடையே, 1942, 43-ஆம் ஆண்டுகளில், யப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் இருப்புப்பாதையிலே. அதிலே இறந்த வெள்ளையர் போர்க்கைதிகள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்குக் கல்லறைகள் உண்டு, பெயர்கள் உண்டு, படமும் உண்டு. ஆசியத் தொழிலாளரோ பல பத்தாயிரவர் மடிந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் மலாயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர். நம்மைப் போலவே தென்னாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்து, நம்மைப் போலவே இரப்பர் மரத்திலே பால் வெட்டியவர்கள். அந்தப் படமோ இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த கேகாலை மாவட்டத்திலே எடுக்கப்பட்டது. ஆனால் படத்தின் கதை அவர்களைப் பற்றியதன்று. வெள்ளையர் துயரைப் படம் சொல்லிற்று. தமிழர் துயரை அது சொல்லவில்லை.

ஒரே இரவு, ஒரே நாள்

இனி நான் சொல்லப் போவது ஒரு தேதியைப் பற்றியது.

நியூயோர்க் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையிலே 563 கரட் எடையுள்ள நட்சத்திர நீலக்கல் ஒன்று இருக்கின்றது. பெயர் ‘இந்தியாவின் நட்சத்திரம்’. பெயர்தான் இந்தியா; பிறந்த நாடு இலங்கை. 1964 ஒக்டோபர் 29-ஆம் நாள் இரவு, திருடர் மாடிச் சன்னல் வழியே புகுந்து அதனைக் களவாடினர். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அலறின. மூன்று மாதத்துக்குள், 1965 சனவரியிலே, மியாமி நகரத்து பஸ் நிலையத்தில் பொருள் வைக்கும் பெட்டி ஒன்றிலிருந்து அது மீட்கப்பட்டது.

கல் களவு போன மறுநாள், 1964 ஒக்டோபர் 30. அன்று புதுடில்லியிலே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. மற்றவர் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. 1960-இல் உலகத்திலேயே முதற் பெண் பிரதமரான அவர் பிறந்தது 1916-இல் நம் இரத்தினபுரி மாவட்டத்திலேதான். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே நாடற்றவராக்கப்பட்ட நம் மக்கள் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும், எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பின்னர் பார்ப்பதென்றும் பங்கு பிரித்தனர். சுரங்கத்துச் சரளையைப் பங்கு வைப்பதற்காவது குழியில் இறங்கியவனிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். இங்கே எங்களிடம் கேட்டவர் எவருமில்லை.

அவ்வொப்பந்தத்தின்படி என் அத்தை குடும்பத்தோடு தலைமன்னாரிலே கப்பலேறிப் போய், நீலகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலே குடியமர்ந்தார். என் அப்பாயி தம் மகளைத் திரும்பப் பார்க்காமலே கண் மூடினார். என் தகப்பனார் இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, ஐம்பது வயதைத் தாண்டும்வரை எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் இருந்தார். 2003-ஆம் ஆண்டு 35-ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர்தான் அவருக்குக் குடியுரிமை கிட்டியது. அச்சட்டத்திலே அந்தத் தேதி மறுபடியும் வருகின்றது: 1964 ஒக்டோபர் 30-ஆம் நாள் முதல் இந்நாட்டிலே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிமக்கள் ஆவர் என்பது அதன் சாரம். களவு போன கல் மூன்று மாதத்திலே இருப்பிடம் திரும்பியது. எங்களை நாட்டார் என்று ஏற்றுக்கொள்ள முப்பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

இத்தனைக்கும் நம் முன்னோர் வாய் மூடிக் கிடந்தவர் அல்லர். 1946-இல் கேகாலை மாவட்டத்திலே, தமிழர் ‘உருளவள்ளி’ என்று வழங்கிய நேவ்ஸ்மியர்த் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களை வெளியேறப் பணித்தபோது, அவர்கள் மறுத்து நின்றனர். அவர்களுக்காகப் பிற தோட்டத்தாரும் வேலை நிறுத்தம் செய்தனர். நம் மாகாணத்தின் சரித்திரத்திலே அதுவும் ஒரு பக்கம்.

விலாசம்

அந்தப் பத்தாந் தரத்துப் பையனைப் பற்றி ஒன்றை இதுவரை சொல்லாமல் விட்டேன். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் தாளிலே விலாசம் எழுதும் இடத்தில் அவன் ‘இரத்தினபுரி’ என்று மட்டும் எழுதியிருந்தான். அவன் பன்னிரண்டு மைலுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலே, லயத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு வருபவன் என்பது எனக்குத் தெரியும். ஏன் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை என்று நான் அவனைக் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அவன் வயதிலே நானும் அவ்வாறே எழுதியவன். ‘தோட்டம்’ என்ற சொல்லைக் கண்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அஞ்சியவன்.

ஒரு நாள் என் தகப்பனார் என் அப்பியாசக் கொப்பியின் மேலட்டையைக் கண்டுவிட்டார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். “டவுன்லயா நம்ம வீடு இருக்கு?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் மேலே ஒன்றும் கேளாமல் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதிலே இருக்கின்றது.

ஆகவே மறுவாரம் வகுப்பிலே நான் செய்தது இவ்வளவுதான். கரும்பலகையில் என் பெயரை எழுதி, அதன் கீழே நான் பிறந்த தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் இலக்கம் எல்லாம் முறையாக எழுதினேன். பிறகு மேலே நீங்கள் வாசித்த கதைகளைச் சொன்னேன். கெவுடாக் கல்லின் கதைக்கு மட்டும் பொருள் விரிக்கவில்லை. பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

கதை முடிந்ததும் அந்தப் பையன் எழுந்தான். “சேர், அந்த நியூயோர்க் கல்லுக்கு இலங்கைப் பேர மாத்தி வைக்கச் சொல்லி நாம கடுதாசி எழுதலாமா?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். “எழுதலாம், ஆனால் கடிதத்தின் மேலே உன் விலாசத்தைச் சரியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் பதில் எப்படி வரும்?” என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாலையிலே ஆசிரியர் அறைக்கு வந்து, தன் போட்டித் தாளைக் கேட்டு வாங்கி, ‘இரத்தினபுரி’ என்பதற்கு மேலே இருந்த சிறு இடைவெளியிலே தோட்டத்தின் பெயரை நெருக்கி எழுதிவிட்டுப் போனான். எழுத்துச் சிறிதுதான், ஆனால் நன்றாக வாசிக்கக் கூடியதாயிருந்தது.

மாணவச் செல்வங்களே! இவ்வாரம் உங்களுக்கு ஒரு வீட்டு வேலை தருகின்றேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் துரைமார் வைத்த பெயர் ஒன்று இருக்கும். நம் மூதாதையர் தமிழிலே வழங்கிய பெயர் வேறொன்று இருக்கும். முதற்பெயர் பதிவேட்டிலே பத்திரமாக உள்ளது. இரண்டாவது பெயர் உங்கள் தாத்தா, அப்பாயி, அம்மாயி ஆகியோரின் நாவிலே மட்டுந்தான் இருக்கின்றது. அவர்களின் அருகே உட்கார்ந்து, அந்தப் பெயர் ஏன் வந்தது, குடும்பத்திலே முதலில் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டு ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். அலாஸ்காவைப் பற்றி எழுத அமெரிக்காவிலே ஆயிரம் பேர் உண்டு. இதனை நீங்கள் எழுதாவிட்டால் எழுத வேறு ஆளில்லை.